குளிர்ச்சி ஊசி

2024 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுத் துறைமுகத்தில் லாஞ்சு என்கிற அந்த விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன.

ரமாபாய்க்கு அந்த இரண்டு மாதம்தான் வேலைக்காலம். ராயபுரத்தில் ஒரு நகர்ப்புற சுகாதார நிலையத்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைதான் நம்பிக்கை மையம். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தம் பார்த்து, முடிவைச் சொல்லி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளக்குகிற இடம். அங்கே அவள் பதினேழு வருடமாக ஆலோசகர். பதினேழு வருடமும் ஒப்பந்த வேலை. காலையில் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். பெண்கள் கர்ப்பப் பரிசோதனைக்கு வரும்போது எப்படியும் கண்ணில் படுவார்கள். ஆண்கள் கடலில் இருப்பார்கள், இல்லாவிட்டால் தூக்கத்தில் இருப்பார்கள். அவர்களைக் கரையில் பார்க்க வேண்டும் என்றால் தடைக்காலத்தை விட்டால் வேறு வழியில்லை.

மே மாதம் இரண்டாவது வாரம், லாஞ்சுகளை ஏற்றிப் பழுது பார்க்கிற இடத்தில், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே படப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். இருபது இருபத்தைந்து பேர் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிருமி என்ற பக்கம் வந்தது. பச்சை நிறத்தில், சுருள் சுருளாக, ஸ்பிரிங் மாதிரி ஒன்று.

"இது கிருமியால வர நோய். ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு..."

"யக்கா," என்றான் உதயா என்கிற பையன், ஊசியைப் பல்லில் கடித்தபடி. "கிருமி படம்லாம் ஜோராத்தான் கீது. எங்க டிரைவருக்கு வர்றது இஞ்சின் சூடு. அதுக்கு ஒரு படம் கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். லாஞ்சு ஓட்டுகிற டிரைவர் என்று அவன் காட்டிய ஆள் சிரிக்கவில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும். கறுத்து, தோள் அகன்று, நிதானமாகப் பேசுகிறவன். பெயர் வெற்றி.

"சிரிக்கறதுக்கு இன்னா கீது?" என்றான் அவன். "பதினஞ்சு நாளு இஞ்சின் பொட்டி மேலயே குந்திகினு போறேன். அந்தச் சூடு எங்க போவும்? கீயதான் எறங்கும். கரைக்கு வந்தா ஒண்ணு அத்த வெளிய உடணும், இல்லாட்டி குளிர்ச்சியா எதுனா துன்னு தணிக்கணும். எங்க நைனா காலத்துல இருந்து அப்டித்தான்."

"அப்போ ஒறை?" என்றாள் ரமாபாய், ஆணுறைப் படத்தைக் காட்டி.

"ரப்பரு சூடுக்கா," என்றான் உதயா. "இஞ்சின் சூட்டுக்கு மேல ரப்பர் சூடு வேறயா?"

மறுபடியும் சிரிப்பு. ரமாபாயும் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். இந்தச் சிரிப்பை அவள் பதினேழு தடைக்காலமாகக் கேட்டிருக்கிறாள். ஆட்கள்தான் மாறுவார்கள். கையெழுத்து வாங்கும் தாளில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ரத்தம் கொடுக்க மூன்று பேர் வந்தார்கள். வெற்றி வரவில்லை.

மே 20, திங்கட்கிழமை, நீலா வந்தாள். இருபத்திரண்டு வயது. தலைப்பிள்ளை. முதல் மாதங்களில் எண்ணூரில் தாய்வீட்டுப் பக்கம் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அங்கே இந்தப் பரிசோதனை எடுக்கவில்லை. இங்கே வரும்போது இருபத்தெட்டு வாரம். சோதனை அட்டையில் சிபிலிஸ் கோடு தெளிவாக விழுந்தது. சுகாதார நிலைய டாக்டரம்மா ரத்தத்தை மறுபடியும் அனுப்பிப் பார்த்தார். முடிவு அதேதான்.

கணவன் பெயர் என்ன என்று கேட்டபோது நீலா வெட்கப்பட்டு, பக்கத்தில் இருந்த செய்தித்தாளில் ஒரு தலைப்பைத் தொட்டுக் காட்டினாள். தேர்தல் செய்தி. அதில் 'வெற்றி' என்ற சொல் இருந்தது.

ரமாபாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எச்.ஐ.வி. இல்லை. இது வேறு. ரத்தத்தில் இருக்கிற நோய். குணமாகிவிடும். மூன்று ஊசி, வாரத்துக்கு ஒன்று, இடையில் விட்டுவிடக் கூடாது. விட்டால் முதலிலிருந்து போட வேண்டும்.

"கொயந்தைக்கு?" என்று மட்டும் கேட்டாள் நீலா.

"ஊசி போட்டா ஒண்ணும் ஆவாது. போடலன்னா வயித்துலயே போயிடலாம். பொறந்தாலும் காது, எலும்பு, ஏதாவது கெட்டுப்போலாம். அதுக்குத்தான் சொல்றேன். உன் வூட்டுக்காரரும் போட்டுக்கணும். அவரு போடாம நீ மட்டும் போட்டா மறுபடியும் உனக்கே வரும்."

நீலா கொஞ்ச நேரம் அழுதாள். யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்போ வரணும்?" என்றாள்.

புதன்கிழமை முதல் ஊசி. மறு புதன் இரண்டாவது. ஸ்டாஃப் நர்ஸ் ரூத் போட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கைராசி உள்ளவள் என்று குப்பத்துப் பெண்கள் சொல்வார்கள். இரண்டாவது ஊசிக்கு வந்தபோது நீலா சொன்னாள்.

"மொத ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி ஒரே நடுக்கம் சிஸ்டர். மூணு போர்வை போத்தியும் பல்லு ஆடிச்சு."

"அதான் அன்னைக்கே சொன்னேனே, வந்தா இந்த மாத்திரையப் போடுன்னு. மொத ஊசிக்குச் சில பேருக்கு அப்படி வரும். உள்ள கிருமி சாவுதுல்லா, அதுக்கு. இனி வராது."

இரண்டாவது ஊசிக்கு நடுக்கம் வரவில்லை. நல்ல பிள்ளை, சொன்ன நாளில் வருகிறாள் என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள். நீலாவைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் வெற்றியைப் பற்றித்தான். ஜூன் 14 முடிந்தால் லாஞ்சுகள் கிளம்பிவிடும். அதற்குள் மூன்று ஊசி போட வேண்டும் என்றால் மே 31-க்குள் முதல் ஊசி விழுந்திருக்க வேண்டும்.

இரண்டு முறை துறைமுகத்துக்குப் போய்த் திரும்பினாள். முதல் முறை அவன் லாஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. இரண்டாவது முறை வந்து, எதிரில் நின்று, "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அது யார்கிட்ட வாங்கிச்சோ, அத்தப் போய்க் கேளு," என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் பின்னாலேயே போய், "ஒரு வார்த்தை வூட்டுல அப்படிக் கேட்டியா?" என்றாள். அவன் நின்றான். "கேக்கல," என்றான். பிறகு நடந்துவிட்டான்.

மே 30 வியாழக்கிழமை மூன்றாவது முறை போனாள். வெயில் கொதித்தது. அவன் லாஞ்சின் நிழலில் உட்கார்ந்து, அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் ஒரு கவிழ்த்த மீன்கூடையின் மேல் உட்கார்ந்தாள். கால் வலித்தது. நீட்டித் தேய்த்துக்கொண்டாள்.

அவனே பேசினான். "போன தீவாளி சமயத்துல ஒரு புண்ணு வந்துச்சு. வலியே இல்ல. எளநி, வெந்தயம், மோர்ல சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு, வாரத்துக்கு ரெண்டு தபா எண்ணெய் தேச்சிக் குளி. பாஞ்சு நாள்ல போயே போச்சு. கிருமியா இருந்தா எளநிக்குப் போவுமா? நீயே சொல்லு."

இதுதான் அவளைச் சலிப்படைய வைத்த இடம். சிபிலிஸ் புண் எதுவும் செய்யாவிட்டாலும் தானாக ஆறிவிடும். ஆறிவிட்டு ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறின பெருமை இளநீருக்குப் போகும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு மரியாதையான பொறுமை வரும். கண்ணால் கண்ட புண் கண்ணெதிரே ஆறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி இந்த அம்மாள் படம் காட்டுகிறாள்.

அவளுக்கே சளி பிடித்தால் தயிர் ஊற்றிக்கொள்வதில்லை. கண் எரிந்தால் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொள்வாள். சூடு, குளிர்ச்சி என்ற பாஷை அவள் அடுப்படியில் புழங்குகிற பாஷைதான். அதைப் பேச அவளுக்குப் படப்புத்தகம் தேவையில்லை.

"வெற்றி," என்றாள். "எளநி தோலுக்கு மேல இருக்கற சூட்டத்தான் எடுக்கும். உனக்கு ரத்தத்துலயே சூடு எறங்கி கீது. அதான் புண்ணு போனாலும் நோய் போவல. இந்த ஊசி ரத்தத்தையே குளிர்ச்சி பண்ற ஊசி. வாரத்துக்கு ஒண்ணு, மூணு ஊசி. மூணும் போட்டாத்தான் முயுசா எறங்கும்."

அவன் உளியைக் கீழே வைத்தான்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா? கிருமி கிருமின்னு ஊரக் கூட்டிகினு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். ரத்தம் கொடுத்தான். கோடு விழுந்தது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் மூன்று ஊசி என்று டாக்டரம்மா எழுதினார். ஊசி இடுப்பில் இரண்டு பக்கமும் ஏறும்போது வெற்றி ஒரு சத்தமும் போடவில்லை. எழுந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு, "ஆமாக்கா, நீ சொன்னா மாரி குளிர்ச்சி ஊசிதான், சில்லுன்னு எறங்குது," என்றான்.

அவன் போனதும் ரூத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சிருக்கீங்க? பென்சிலின் குளிர்ச்சியா? எந்த புக்குல போட்டிருக்கு?"

"எந்த புக்குலயும் இல்ல. அவன் வந்தானா இல்லியா?"

"வந்தான்."

"அப்போ உடு."

ஜூன் 5, புதன்கிழமை, நீலாவுக்கு மூன்றாவது ஊசி. அன்றும் மறுநாளும் ரமாபாய்க்கு வேறோர் இடத்தில் பயிற்சி வகுப்பு. மக்களின் நம்பிக்கைகளைப் புரிந்துகொண்டு பேசுவது எப்படி என்று புரொஜெக்டரில் காட்டினார்கள். மதியம் தயிர்சாதம் கொடுத்தார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் சுகாதார நிலையத்தில் குழந்தைகளும் தாய்மார்களுமாக ரூத்துக்கு மூச்சு விட நேரமில்லை. சாயங்காலம்தான் நீலா வரவில்லை என்று கவனித்தாள். மறுநாள் போன் செய்தாள். பதிவேட்டில் இருந்தது வெற்றியின் நம்பர். அவன் எடுத்து, ஏதோ விசேஷ இரைச்சலில் பாதி கேட்டும் கேட்காமலும், "வருவாங்க சிஸ்டர்," என்றான். ரூத் கட்டத்துக்குள் பென்சிலால் 'வருவதாகச் சொன்னார்' என்று எழுதி வைத்தாள்.

ஏழாம் தேதி வெற்றி இரண்டாவது ஊசிக்குச் சரியாக வந்தான். ரமாபாய் அவனைப் பார்த்ததில் மகிழ்ந்துபோய், "நீலா எப்படி கீது?" என்று கேட்டாள். "ஷோக்கா கீதுக்கா, நேத்துதான் வளைகாப்பு முடிஞ்சிது," என்றான். அவள் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு பல நாள் அந்தக் காலையை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். மறைக்கிற ஆள் இல்லை அவன்.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. துறைமுகம் முழுக்க ஐஸ் வண்டிகள். வெற்றி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"சீக்கிரம் குத்தி அனுப்பு சிஸ்டர். டீசல் ஏத்திகினு கீறாங்க."

ரூத் போட்டாள். மூன்றாவது ஊசி. ரமாபாய் பதிவேட்டில் அவன் வரிசையை முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருடத்தில், தடைக்காலம் முடிவதற்குள் மூன்று ஊசியும் போட்டுக்கொண்டு போன டிரைவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். சரி, அப்படியே நீலாவின் வரிசையையும் முடித்துவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாவது கட்டத்தில் ரூத்தின் பென்சில் எழுத்து இருந்தது. ஊசி இல்லை.

"வெற்றி, நீலாவுக்கு மூணாவது ஊசி?"

"அதுக்கு வேணான்னு உட்டுட்டோம்க்கா," என்றான் அவன், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டே.

"இன்னாது?"

"நீதானே சொன்ன, குளிர்ச்சி ஊசின்னு. நம்மளுது இஞ்சின் ஒடம்பு, தாங்குது. புள்ளத்தாச்சி தாங்குமா? மொத ஊசிக்கே ராவெல்லாம் நடுங்குச்சே. அப்பால சளி வேற புடிச்சிகினு தும்மிகினே கீது. வயித்துக்குள்ள கொயந்தைக்கும் குளிர்ச்சி எறங்கி, பொறக்கும்போதே ஜன்னி வந்துட்டா? ரெண்டு ஊசியே போதும், சூடு தணிஞ்சிருக்கும்னு உட்டுட்டோம்."

"யாரு சொன்னது போதும்னு?"

"யாரு சொல்றது? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அவன் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பெண்டாட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட ஒருவனின் முகம்தான் அது. வளைகாப்பு முடிந்த மறுநாளே நீலாவை எண்ணூருக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். வெளியே யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரட்டாக்கா? உன்னாலதான் இந்த சீசன் நிம்மதியாப் போறேன்," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ரூத் ஊசிக் குப்பியை அதற்கான டப்பாவில் போட்டாள். டாக்டரம்மாவிடம் ரமாபாய்தான் போய்ச் சொன்னாள். அவர் நாட்களைக் கணக்குப் பார்த்தார். கடைசி ஊசி போட்டுப் பதினாறு நாள் ஆகிவிட்டது. முதலிலிருந்து மூன்று. பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே சிகிச்சை முறையாகத் தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்கு நோய் வராது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

"இப்போ முப்பத்தோரு வாரம். இன்னும் டைம் இருக்கு. நாளைக்கே போய்க் கூட்டிட்டு வாங்க," என்றார்.

சனிக்கிழமை ரமாபாய் எண்ணூருக்குப் போனாள். திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோ, அதற்கப்புறம் பஸ். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் பஸ் நகரவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். ஒரு வழி சுலபமாக இருந்தது. இது வேறு ஊசி, இது குளிர்ச்சி இல்லை, கொஞ்சம் சூடான ஊசி, சளிக்கும் நல்லது என்று சொல்லிவிடலாம். நீலா வந்துவிடுவாள். எர்ணாவூர் பாலத்தின் மேல் பஸ் நின்ற பத்து நிமிடமும் அந்த வார்த்தை அவள் நாக்கிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சூடு எங்கே போய் நிற்கும் என்று யோசித்தாள். கர்ப்பிணிக்குச் சூடு என்றால் பப்பாளி, எள்ளு, கரு கலைவது. வேண்டாம்.

எண்ணூர் தாழங்குப்பத்தில் வீட்டு வாசலில் நீலாவின் அம்மா தாயம்மா சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நீலா உள்ளே, கை நிறையக் கண்ணாடி வளையலோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"வாக்கா, குந்து," என்றாள். "நீ வருவன்னு தெரியும். அவுரு போன் பண்ணாரு, நீ மொறச்சன்னு."

"மொறைக்கல. ஊசிக்குக் கூட்டிகினு போக வந்தேன்."

"எனக்குப் பயமா கீதுக்கா. மொத ஊசிக்கு நடுங்கனது உனக்குத் தெரியாது. கொயந்த அன்னிக்கு ராத்திரி அசையவே இல்ல, காலையிலதான் அசைஞ்சுது. அப்போ எனக்கு ஏன்னு புரியல. அப்பால அவுரு வந்து, இது குளிர்ச்சி ஊசி, யக்காவே சொன்னாங்கன்னு சொன்னாரு. அப்பதான் புரிஞ்சுது."

ரமாபாய் தரையில் அவள் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீலா, அந்த ஊசி குளிர்ச்சியும் இல்ல, சூடும் இல்ல. அது மருந்து, அவ்வளோதான். அந்த நடுக்கம் வந்தது ரத்தத்துல இருந்த கிருமி சாவறதால."

"அப்போ அவுருகிட்ட சொன்னது?"

"அவன் வரணும்னு சொன்னேன்."

"பொய்யா?"

"ஆமா."

வாசலில் கத்தி நின்றது. தாயம்மா எழுந்து வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

"மருமவனுக்கு ஒரு கத, எம் பொண்ணுக்கு ஒரு கதயா? நேத்து அவன்கிட்ட பொய் சொன்ன வாய், இன்னிக்கு இவகிட்ட நெசம் சொல்லுதுன்னு நான் எப்டி நம்பறது? எங்கள எல்லாம் பார்த்தா உனக்கு எப்டித் தெரியுது?"

ரமாபாயின் படப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் கிடையாது. தண்ணீர் கேட்டாள். தாயம்மா கொண்டுவந்து கொடுத்தாள். கோபத்திலும் சொம்பைத் துடைத்துத்தான் கொடுத்தாள்.

"நம்ப வேணாம்," என்றாள் ரமாபாய், குடித்துவிட்டு. "நீயும் கூட வா. டாக்டரம்மாகிட்ட நீயே கேளு. நான் வாயத் தொறக்கல. ஆனா இந்தக் கொயந்தைக்கு நாள் இல்லம்மா. தள்ளிப் போடப் போட அதுக்குத்தான் ஆபத்து."

"சூடும் இல்லாம குளிர்ச்சியும் இல்லாம நடுவாந்தரமா ஒரு ஊசி கெடையாதா? அத்தப் போடேன்."

"அதுதாம்மா இது. அதேதான் இது."

தாயம்மா நம்பினாளா என்று சொல்ல முடியாது. "சளி போவட்டும். புதன்கெயம இட்டாறேன்," என்றாள். அன்றே கிளம்பச் சொல்லி ரமாபாய் இன்னும் அரை மணி நேரம் பேசினாள். நடக்கவில்லை. திரும்பும்போது தாயம்மா ஒரு பையில் நாலு சங்கராவைப் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை, ஜூன் 20, அம்மாவும் மகளும் வந்தார்கள். தாயம்மா டாக்டரம்மாவிடம் பத்து நிமிடம் கேள்வி கேட்டாள். ரமாபாய் சொன்னபடியே அந்த அறைக்குள் போகவில்லை. ரூத் ஊசி போட்டாள். இந்த முறை நடுக்கம் வரவில்லை. ஜூன் 27 அடுத்தது. ஜூலை 4 அதற்கடுத்தது. இரண்டுக்கும் நாள் தவறாமல் வந்தார்கள்.

நடுவில், ஜூன் 28 அன்று, வெற்றியின் லாஞ்சு கரைக்கு வந்தது. அன்று மதியம் உதயாவும் இன்னொரு ஆளும் நம்பிக்கை மையத்தின் வாசலில் வந்து நின்றார்கள்.

"யக்கா, இங்க குளிர்ச்சி ஊசி போடுவாங்களாமே? டிரைவரு சொன்னாரு. செம்மயா கீதாம். எங்களுக்கும் போடு."

"அப்படி ஒரு ஊசி இல்ல உதயா."

"இன்னாக்கா, டிரைவருக்கு மட்டும்தானா? நாங்க இன்னா, ஐஸ் ரூம்லயா தூங்கறோம்?"

"உள்ள வா. மொதல்ல ரத்தம் குடு. நோய் இருந்தாத்தான் ஊசி."

கூட வந்தவன் ரத்தம் என்றதும் போன் வந்த மாதிரி செல்லைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பவில்லை. உதயா கொடுத்தான். ஒன்றும் இல்லை. அதில் அவனுக்கு ஏமாற்றம்.

"அப்போ ஊசி கெடையாதா?"

"உனக்குத் தேவையில்ல. இந்தா, இத்த வச்சிக்கோ. போற எடத்துல போட்டுக்கோ. போட்டினா ஊசியே வேணாம்."

அவள் அவனை உட்கார வைத்துக் கிருமியைப் பற்றி, முதலிலிருந்து, சூடு குளிர்ச்சி எதுவும் கலக்காமல் சொன்னாள். இருபது நிமிடம் ஆனது. அவன் கேட்டான். நடுவில் ஒருமுறை கொட்டாவி விட்டான். இரண்டு கேள்வி கேட்டான், அதில் ஒன்று நல்ல கேள்வி. கைகூப்பிவிட்டுப் போனான். அவன் போன பிறகு பார்த்தால், கொடுத்த ஆணுறைப் பொட்டலம் பெஞ்சின் மேலேயே இருந்தது. மறந்தானா, வைத்துவிட்டுப் போனானா தெரியவில்லை. ரமாபாய் அதை எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் போட்டாள்.

வெற்றியும் வந்தான், சாயங்காலமாக. எண்ணூருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"நீலா சொல்லிச்சு," என்றான். "பொய்யாமே."

"ஆமா வெற்றி."

"எனக்கு எறங்குனது சில்லுன்னுதான் எறங்குச்சு," என்றான். கொஞ்சம் நின்று, "கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டான்.

"மூணும் முடியட்டும்."

அவன் தலையை ஆட்டினான். ஜூலை 1-ஆம் தேதி லாஞ்சு மறுபடியும் கிளம்பியது.

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, குறித்த நாளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே நீலாவுக்கு வலி எடுத்து, அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது. தாய்க்கு இரண்டாம் முறை தொடங்கிய சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் இடையில் பத்தொன்பது நாள்தான் இருந்தது. ரத்தம் பார்த்துவிட்டு, குழந்தைக்கும் அந்த நோய் இருக்கிறது என்று சொன்னார்கள். பத்து நாள் பென்சிலின் போட்டார்கள். வெற்றி கடலில் இருந்தான். ஜூலை 20 அன்று தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். காது கேட்கிறதா என்று பார்க்க மூன்றாம் மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.